வெருகலின் இரண்டு கரையிலும் நின்ற இரண்டு பேர்

திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது இது. கணவருக்கு வயது நாற்பத்தைந்து. பதினேழு வயதில் இயக்கத்துக்கு, அதாவது விடுதலைப் புலிகளிடம், போனவர். 2004 சித்திரையில் வீட்டுக்கு வந்து, சில வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு, இப்போது ஊரில் ஓட்டோ ஓடுகிறார். "எங்களோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசமாட்டார். வாகரைப் பக்கம் ஒரு கூட்டாளி இருக்கிறார், ஒரு கால் இல்லை. அவர் போன் எடுத்தால் கிணற்றடிக்குப் போய் நின்று இரண்டு மணித்தியாலம் பேசுவார், சிரிப்பார். மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறி அங்கேயே போய்விடுவார். அந்த மனுசன் 2004-இல் வன்னிப் பக்கம் நின்றவராம். பதின்மூன்று வருடம் ஒன்றாக வாழும் என்னோடு இல்லாத என்ன ஒட்டு அவரோடு? இரவில் எழும்பி கேட்டைப் பார்க்கிறார். டொக்டரிடம் காட்டவேண்டுமா?" கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தங்கச்சி, டொக்டர் விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். இரவில் எழும்பி கேட்டைப் பார்ப்பது, கடையில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருவது, வெடிச் சத்தத்துக்குத் துள்ளுவது எல்லாம் மனவடுவின் அடையாளமாக இருக்கலாம். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அதை 'ஷெல் அதிர்ச்சி' என்றார்கள். பெயர் எதுவானாலும் மருந்தும் இருக்கிறது, பேசித் தீர்க்கும் வழியும் இருக்கிறது. அவர் தனியே குடிக்கத் தொடங்கினாலோ, உங்களையோ பிள்ளைகளையோ அடித்தாலோ, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்று சொன்னாலோ, ஒரு நாளும் பொறுக்கவேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி அவசரம் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டோ ஓடுகிறார், பிள்ளைகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுகிறார், சிரிக்கவும் செய்கிறார். அவர் சிரிப்பது கிணற்றடியில் என்பதுதான் உங்களுக்கு நோகிறது.

சரி, அந்த ஒட்டுக்கு வருவோம்.

1948-இல் ஷில்ஸ், ஜனோவிட்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஒரு கேள்வியை எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் ஜெர்மன் சிப்பாய்கள் ஏன் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார்கள்? பிடிபட்டவர்களை விசாரித்த பதிவுகளைப் படித்துப் பார்த்தால், ஹிட்லரின் கொள்கையை விடப் பெரிய காரணமாக அதில் தெரிந்தது பக்கத்தில் நின்ற ஐந்தாறு பேர். ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள், தன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னவர்கள். அந்தச் சின்னக் கூட்டம் உடையாதவரை ஆளும் உடையவில்லை.

நான் சுனாமிக்குப் பிறகு உளவளத்துணைப் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவன். பதினைந்து வருடத்துக்கு மேல் படுவான்கரை, வாகரை, திருக்கோவில் என்று அலைந்ததில், இயக்கத்தில் இருந்தவர்களும் சரி, வேறு இயக்கங்களில் இருந்தவர்களும் சரி, ஊர்காவல் படையில் இருந்த முஸ்லிம் ஆட்களும் சரி, இதையேதான் வேறு வேறு சொல்லில் சொன்னார்கள். கொள்கை பேசியவர்கள் மிகக் குறைவு. 'அவன் எனக்குத் தண்ணி தந்தான்' என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

உங்கள் கணவர் 1997 அளவில் போயிருக்கவேண்டும். அந்த வருடம் வைகாசியில்தான் வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. மட்டக்களப்பு அம்பாறைப் பிள்ளைகளைக் கொண்ட ஜெயந்தன் படையணி அங்கே போனது காட்டு வழியாக, நடந்து. அவர் அதில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. போனவர்கள் சொல்லுவது இதுதான்: பகலில் படுப்பது, இரவில் நடப்பது, முன்னால் போகிறவனின் முதுகை மட்டும் பார்ப்பது. கடல் பார்த்து வளர்ந்த பொடியனுக்கு அந்தக் காட்டில் திசை தெரியாது. அந்த முதுகுதான் திசை.

பிறகு சென்ட்ரி. ஒருவர் படுத்தால் மற்றவர் முழித்திருக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். தன் உயிரை இன்னொருவனின் கண்ணில் வைத்துவிட்டு நித்திரை கொள்வது என்றால் என்ன என்று நமக்கு விளங்காது, நாம் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கிறவர்கள். ஒருவர் என்னிடம் சொன்னார்: "கனவு வந்து முழிக்கிறதில்ல சேர். முழிச்சிருக்க ஆளில்லாம எப்பிடிப் படுக்கிற?" உங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு நடக்கிறது எனக்கு அப்படித்தான் படுகிறது. வீட்டில் எல்லாரும் நித்திரை. சென்ட்ரிக்கு ஆளில்லை. அவர் எழும்புகிறார்.

இந்த மாதிரி ஒட்டு உடைகிறபோது என்ன நடக்கும் என்பதற்கு வியட்நாம் போர் நல்ல உதாரணம். அமெரிக்கச் சிப்பாய்க்கு அங்கே ஒரு வருடக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு திகதி. கூட்டாளிகள் சண்டையில் நிற்க, இவன் மட்டும் விமானம் ஏறி ஓரிரண்டு நாளில் வீட்டு வாசலில் நிற்பான். அவர்களின் அப்பாமார் 1945-இல் கப்பலில் வாரக்கணக்கில் ஒன்றாக வந்தவர்கள். அந்த நாட்களில் அழுது, சண்டை பிடித்து, செத்தவர்களைப் பற்றிப் பேசி ஓரளவு இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். தனியாக வந்தவர்களுக்கு இறக்கிவைக்க இடமே இல்லை என்று அவர்களை வைத்தியம் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கப்பல் பயணத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படி ஒரு கப்பல் கிடைக்கவில்லை.

மட்டக்களப்பில் நடந்தது அதிலும் மோசம். 2004 மாசி முடிந்து பங்குனியில், புலிகளின் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை, வன்னிப் படை வெருகல் ஆற்றைத் தாண்டி வந்தது. அதற்கு முன் ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். சில நாட்களில் கருணா படையைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்டார்கள். சித்திரை வருடப் பிறப்புக் காலம் அது. அம்மாமார் முகாம் வாசலில் நின்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரில் அது சந்தோசமான செய்தி, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வந்த பிள்ளை நிம்மதியாக இருக்க முடிந்ததா? கொஞ்ச நாளில் வன்னிப் பக்கத்து ஆட்கள் திரும்பவும் வீடு வீடாக வந்து கேட்டார்கள். கருணா பக்கமும் ஆள் சேர்த்தது. இவர்களோ சொந்தக்காரர் வீட்டு அறைகளிலும் வயல் வாடிகளிலும் ஒளிந்து கிடந்தார்கள். உங்கள் கணவரின் கட்டார்ப் பயணத்துக்குக் காரணம் சம்பளம் மட்டுமாக இருந்திராது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. வெருகலில் கருணா பக்கம் நின்று செத்த பிள்ளைகள் மாவீரர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவர்களோடு நின்றவனுக்கு எங்கே போய் விளக்கேற்றுவது என்று தெரியாது. மற்றவர்களுக்கு மட்டும் இருந்ததா என்றால், தரவை, தாண்டியடி, வாகரை கண்டலடி, உங்கள் பக்கத்துக் கஞ்சிகுடிச்சாறு என்று மாவீரரைப் புதைத்த துயிலும் இல்லங்களும் கிழக்கை இராணுவம் பிடித்த பிறகு இடிக்கப்பட்டன. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, பெயர் எழுதி, கள் படைத்த சனம் நாம். புறநானூற்றில் அது பாட்டாகவே இருக்கிறது. கல் இல்லாத துக்கம் எங்கே போய் நிற்கும்? கிணற்றடியில் போனோடு நிற்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். அந்தக் கூட்டாளி வன்னிப் பக்கம் நின்றவர். 2004-க்கு முன் இவர்கள் ஒன்றாக இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இப்படி ஒட்டு வராது. பிறகு ஆற்றின் இரண்டு கரையிலும் நின்றிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கொன்றிருக்கக்கூடிய ஒரு நாளைக் கடந்து வந்து, இப்போது மாதத்தில் ஒருநாள் ஒன்றாக இருந்து சோறு தின்கிறார்கள். உங்களுக்கு அது போட்டியாகத் தெரிகிறது. எனக்கு அது, இந்த மாவட்டங்களில் நான் கண்ட பழைய ஆட்களில் மிகச் சிலருக்கே வாய்த்த ஒன்றாகத் தெரிகிறது. மிச்சப் பேர் சந்தையில் எதிரே கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்கள். 'இவன்தான் அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றவன்' என்று தெரியும், ஆனால் இருபது வருடமாக ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு பேர் அங்கே என்னதான் பேசுவார்கள் என்று உங்களுக்குப் பயம் இருக்கும். அநேகமாக ஒன்றும் பெரிதாக இருக்காது. எந்தப் பொறுப்பாளர் கறிக்குள் உப்பை அள்ளிப் போட்டார், யார் யானையைக் கண்டு மரத்தில் ஏறி இறங்க மாட்டாமல் கிடந்தான், யாருக்கு இப்போது எத்தனை பிள்ளை. ஒரு முறை இப்படி இரண்டு பேருக்கு நடுவில் நான் ஒரு முழுப் பின்னேரம் இருந்திருக்கிறேன். மூன்று பிளேன்டீ குடித்து முடியும்வரை மாங்காய் களவெடுத்த கதைதான். எழும்பிப் போகும்போது ஒருவர் "அண்டைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார். மற்றவர் "ம்" என்றார். யார் அவன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் மாங்காய்க் கதை முழுவதும்.

வேறு நாடுகளில் பழைய சிப்பாய்களுக்குச் சங்கம் இருக்கும், கட்டடம் இருக்கும், வருடத்தில் ஒரு நாள் அணிவகுப்பு இருக்கும். இலங்கை இராணுவத்தில் இருந்தவர்களுக்கும் ஓய்வூதியமும் நினைவுத்தூபியும் இருக்கின்றன. அவர்களிலும் நித்திரை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை. இங்கே நான்கு முன்னாள் போராளிகள் ஒரு மரத்தடியில் கூடினாலே யாராவது வந்து விசாரித்த காலம் நீண்டது. யுத்தம் முடிந்த 2009-க்குப் பிறகு கிட்டத்தட்ட 12,000 முன்னாள் போராளிகள் அரசாங்கத்தின் திட்டத்தில் புனர்வாழ்வு பெற்றார்கள், அதில் 594 பேர் சிறுவர்கள். மேசன் வேலை, வயரிங், தையல் என்று பழக்கி, ஒரு பத்திரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்த பிறகும் விசாரணை தொடர்ந்தது. அதனால் பழையவர்களைக் காணாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பழகிவிட்டார்கள். குணமாவதற்கு எது வேண்டுமோ அதையே விட்டுவிடச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இது அந்தத் திட்டத்தின் பெரிய பிழை என்பது என் அபிப்பிராயம். தொழில் பழக்கினார்கள், துக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. உங்கள் கணவர் போல 2004-இல் வீட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு அந்தப் பத்திரமும் இல்லை. ஒரு கணக்கிலும் வராத ஆட்கள்.

நீங்கள் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பதினெட்டு நாள் திருவிழாவில் வனவாசம் பார்க்கச் சனம் நெருக்கும், தீமிதிப்புக்கு அதைவிட நெருக்கும். எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரிவது அஞ்ஞாதவாசம். ஆயுதங்களைக் கட்டி வன்னி மரத்தில் ஏற்றிவிட்டு, சமையல்காரனாகவும் குதிரைக்காரனாகவும் வேறொருவர் ஊரில் ஒரு வருடம். பாண்டவர் ஐந்து பேரும் அங்கே ஒரே அரண்மனையில்தான் இருந்தார்கள், தங்களுக்குள் யார் யார் என்று தெரியும். உங்கள் கணவருக்கு அதுவும் இல்லை. அவர் உங்கள் ஊரில் தனியாக ஓட்டோக்காரராக இருக்கிறார்.

உங்கள் ஊர் என்பதையும் கவனிக்கவேண்டும். நம் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு வளவு பெண்ணுக்கு. தாய்வழிக் குடி. இதில் அவருக்கு ஒரு நன்மை இருந்தது: பழையதைக் கிண்டுகிற கண் இங்கே குறைவு. நட்டமும் அதே இடத்தில்தான். அவர் சின்ன வயதில் எப்படி இருந்தார், எந்தக் கடையில் கடன் வைத்தார் என்று தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லை. மாமியார் வீட்டு முற்றத்தில் ஒரு ஆண் வாயைத் திறந்து அழவும் முடியாது.

இயக்கத்தில் இருந்த பெண்களுக்கு இது அப்படியே மறுபக்கம். அவர்கள் பிறந்த ஊரிலேயே, எல்லாம் தெரிந்த சனத்துக்கு நடுவில் இருக்கவேண்டும். வெட்டிய தலைமுடி வளரும்வரை வெளியே வராதவர்களை எனக்குத் தெரியும். வீடு கட்டிக் கொடுக்க வசதியில்லை, கையில் தழும்பு இருக்கிறது, பிள்ளை பிறக்குமோ தெரியாது என்று கல்யாணப் பேச்சுகள் தட்டிப் போகும். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் ஆண்களைவிடக் கெட்டித்தனமாகத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தையல் வகுப்பு, கோழி வளர்ப்புச் சங்கம் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு கூடுவார்கள். யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பேசாமல் இருப்பவர்கள் எல்லாரும் பயத்தில் பேசாமல் இருப்பதில்லை. சிலருக்கு அது மனச்சாட்சிக் காயம். இந்த மண்ணில் 1990 ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் 9-ஆம் திகதி சத்துருக்கொண்டானில் இராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றது. உங்கள் கணவர் அப்போது சின்னப் பொடியன், அதில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் பின்னால் வந்த வருடங்களில் அவர் எதைச் செய்தார், எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று நமக்குத் தெரியாது. மனைவியிடம் சொன்னால் அவள் கண்ணில் நான் வேறு ஆளாகிவிடுவேன் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தக் கூட்டாளியிடம் அந்தப் பயம் இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே 'அங்கே என்ன நடந்தது' என்று கேட்காதீர்கள். 'அங்கே யார் சமைக்கிறது?' என்று கேளுங்கள். மழைக்கு எங்கே படுப்பீர்கள், பிறந்தநாள் நினைவிருக்குமா, இப்படி. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், ஒரு மாதம் கழித்து வரும். இரவில் அவர் முழித்திருந்தால் நீங்களும் ஒருநாள் எழும்பி, "நீங்கள் படுங்கள், நான் கொஞ்ச நேரம் இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு வீட்டில் இது பலித்ததைக் கண்டிருக்கிறேன். நித்திரையில் இருக்கும்போது தொட்டு எழுப்பவேண்டாம், கால்மாட்டில் தள்ளி நின்று கூப்பிடுங்கள். கோயிலில் வெடி கொளுத்தப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடம்புக்குள் ஷெல் பீஸ் இருந்தால், எம்ஆர்ஐ ஸ்கேன் என்று எங்காவது எழுதித் தந்தால், உள்ளே போவதற்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும், அந்த இயந்திரம் காந்தம். மற்றபடி எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போடாதீர்கள். சில இரவுகளில் நித்திரை வராததற்கு ஓட்டோ லீசிங் கட்டவேண்டிய திகதியே போதும்.

அந்தக் கூட்டாளியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் கணவர்தான் எப்போதும் அங்கே போகிறார், கூட்டாளி இங்கே வந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கால் இல்லாதவர் வாகரையிலிருந்து இரண்டு மூன்று பஸ் மாறி வருவது லேசில்லை, அதனால் கணவரை மட்டக்களப்பு வரை போய் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கூட்டாளிக்கு மனைவி இருந்தால் அவரையும் சேர்த்து. உங்களுக்கு உண்மையில் பேச்சுத்துணை அந்த மனைவிதான், அவரும் இதே கேள்வியோடுதான் இருப்பார். மீன் ஆணம் வையுங்கள், சோற்றைப் போட்டுவிட்டு அவர்களைத் திண்ணையில் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் ஓடித் திரியட்டும். அப்பா சிரிக்கிற சத்தத்தை அவர்கள் கிணற்றடிக்கு ஒளித்துப் போய்க் கேட்கத் தேவையில்லை.

கடைசியில் கேட்டது: போனில் அந்தக் கூட்டாளி உங்கள் கணவரை வேறு பெயரில் கூப்பிடுவது ஒருநாள் காதில் விழுந்தது, அந்தப் பெயரில் நானும் கூப்பிடலாமா என்று. வேண்டாம், தங்கச்சி. இயக்கப்பெயரில் பல, முன்னால் செத்த ஒருவரின் பெயராக இருக்கும். அது அவருக்கு யார் வைத்தது, ஏன் வைத்தது என்று தெரியாமல் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற பெயர் இல்லை. கூட்டாளி வருகிற அன்றைக்கு உங்கள் முன்னால் அந்தப் பெயர் வாயில் வந்துவிடும், இரண்டு பேரும் ஒரு கணம் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்காத மாதிரி இருக்கவேண்டாம். 'இன்னும் கொஞ்சம் சோறு போடவா?' என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள்.